காது மந்தமாயிட்டா ஆட முடியாதா? டின்னர், கோலாட்டம், ஜோகெட் எல்லாத்துலயும் ஆட முழு வழிகாட்டி

நாலு வருஷம் நான் எந்தக் கல்யாண டின்னர்லயும் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. வீட்டுக்காரி அவ தங்கச்சிமாரோட சேர்ந்து ஆடிட்டு வருவா, நான் மேசையில உக்காந்து கைப்பையெல்லாம் பாத்துக்குவேன், யாராச்சும் வந்து பேசினா தலைய மட்டும் ஆட்டுவேன். எங்க ஊரு மலேசியாவுல சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை, 2007லயே பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்திட்டாங்க ஆனா தோட்டத்துல பொறந்து வளந்தவங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது. செம்பனை எண்ணெய் மில்லுல 1991லருந்து 26 வருஷம் வேலை, பாய்லர், டர்பைன், ஸ்டீம் வெளிய விடுற சத்தம், அதுக்குள்ளயே நின்னு நின்னு ரெண்டு காதும் போச்சு. சின்ன வயசுல தோட்டத்துத் திருவிழாவுல உறுமி கேட்டா காலு தானா போகும், அப்பேர்ப்பட்டவன் உக்காந்துட்டேன்.

மறுபடி எந்திரிச்சது ஒரு பொங்கல் விழாவுல. கோயில் திடல்ல கோலாட்டத்துக்கு ஒரு ஆளு குறைஞ்சுச்சு, யாரோ என் கையில ரெண்டு குச்சியத் திணிச்சுட்டாங்க. பாட்டு எனக்குச் சரியா கேக்கல. ஆனா எதிர்ல நிக்கிறவர் குச்சி என் குச்சி மேல பட்டப்ப மணிக்கட்டுல ஒரு தட்டு தட்டுச்சு பாருங்க, அந்தத் தட்டப் பிடிச்சுக்கிட்டே முழு ஆட்டமும் ஆடி முடிச்சேன். தாளம் கையில வருது, தரையில வருது, கண்ணுல வருது, காதுல கொஞ்சம் குறைவா வந்தாலும் மத்த மூணும் சேந்து தூக்கிட்டுப் போகும்னு அன்னைக்குத்தான் வெளங்குச்சு. அதுக்கப்புறம் நான் ஒவ்வொண்ணா கத்துக்கிட்டதத்தான் கீழ வரிசையா எழுதியிருக்கேன்.

முதல் படி: உங்க காது எதக் கேக்குது, எத விடுதுன்னு தெரிஞ்சுக்குங்க

கேக்கலன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க. கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்குல, 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரப் பாருங்க, காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு அங்கயே பாத்துடுவாங்க (வீட்டுல குச்சி விட்டு நோண்டாதீங்க, உள்ள தள்ளிடும்), இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுப்பாங்க. ஒரே நாள்ல திடீர்னு ஒரு காது அடங்கிப் போனா மட்டும் காத்திருக்கவே கூடாது, அன்னைக்கே போங்க, மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் திரும்பக் கிடைக்க வழி இருக்கு.

ஆஸ்பத்திரியில சத்தம் புகாத ரூம்ல உக்கார வச்சு ஒரு சார்ட் எடுப்பாங்க. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலத்துல பெருக்கல் குறி. இடப்பக்கம் தடிச்ச சத்தம், 250 ஹெர்ட்ஸ்; வலப்பக்கம் போகப் போக கீச்சுச் சத்தம், 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும். கோடு கீழ இறங்க இறங்க கேக்குறது மோசம். 20 டெசிபலுக்குள்ள இருந்தா நல்ல காது, 35ல இருந்து நடுத்தரக் குறை, 65 தாண்டினா கடுமைன்னு உலக சுகாதார நிறுவனம் பிரிக்குது.

என் சார்ட்டு 250லயும் 500லயும் பரவாயில்ல, 4000 ஹெர்ட்ஸ் கிட்ட வந்ததும் கிணத்துல கல்லு விழுந்த மாதிரி இறங்குது. மெஷின் சத்தத்துல கெட்ட காதுக்கு அந்த எடத்துலதான் முதல் அடி விழும். ஆடுறவனுக்கு இதுல ஒரு நல்ல சேதி இருக்கு. பாட்டு வரி, ஜால்ரா, சலங்கை, விசில் இதெல்லாம் போயிடும், ஆனா தவில், உறுமி, பறை, பேஸ் கிட்டார் எல்லாம் தடிச்ச சத்தம், அது எனக்கு இன்னும் வருது. உங்க சார்ட்டு நேர்மாறா இருக்கலாம், ரெண்டு பக்கமும் சமமா இறங்கியிருக்கலாம், அதனால சார்ட்டு காப்பி ஒண்ணு கேட்டு வாங்கி போன்லயும் படம் பிடிச்சு வச்சுக்குங்க, பின்னால உதவும்.

மில்லு, ஃபேக்டரி ஆளுங்களுக்கு இன்னொண்ணு. நான் வேலை செஞ்ச காலத்துல 1989 சட்டம், 90 டெசிபல்தான் எல்லை. நான் விட்டு ரெண்டு வருஷம் கழிச்சு 2019ல புது சட்டம் வந்து எல்லைய 85க்கு இறக்குனாங்க. சத்தத்தால காது போறது பெர்கேசோவோட (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு, சந்தா கட்டினவங்க ஆபீஸ்ல போயி கேளுங்க, வெக்கப்பட வேண்டிய விஷயமே இல்ல. ஓகேயு கார்டுக்கு (ஊனமுற்றோர் அட்டை) ஜேகேஎம்ல, அதான் சமூக நல இலாகாவுல, பதியணும். வருமான வரி கட்டுறவங்க ஊனமுற்ற தனக்கோ மனைவி மக்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ காது மிஷின் மாதிரி சாமான் வாங்கினா 6,000 வெள்ளி வரைக்கும் கழிவு இருக்கு.

ரெண்டாவது படி: எந்த ஆட்டத்துல ஆரம்பிக்கிறது

நான் கண்ணை மூடிக்கிட்டு கோலாட்டத்தத்தான் சொல்லுவேன். தாளம் கையில நேரா அடிக்குது, கண்ணுக்கும் தெரியுது, தப்புனா அடுத்த தட்டுல சேந்துக்கலாம். கும்மியும் அப்படித்தான், வட்டமா சுத்தி வர்றப்ப எதிர்ப்பக்கம் இருக்கிற எல்லார் கையும் ஒரே நேரத்துல சேருது, அத்தன கையும் சேந்து உங்களுக்கு ஒரு பெரிய கடிகாரம் மாதிரி. நம்ம பாட்டிமார் ரப்பர் மரத்துக்கு நடுவுல லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்ல ஆடின ஆட்டம், மைக்கும் இல்ல ஸ்பீக்கரும் இல்ல, பின்னால நிக்கிற ஆளுக்குப் பாட்டு கேக்காட்டியும் ஆட்டம் போகும்.

அடுத்தது லைன் டான்ஸ், போச்சோ போச்சோ மாதிரி. எல்லாரும் ஒரே அடி, ஒரே திசை. ஒரே ஒரு விஷயம் கவனிக்கணும், நாலு பக்கமும் திரும்புறதால முன் வரிசையில நின்னீங்கன்னா ஒரு திருப்பத்துல முன்னால யாருமே இருக்க மாட்டாங்க, அப்ப தனியா மாட்டிக்குவீங்க, அதனால நடு வரிசையில நடுவுல நில்லுங்க, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நல்ல ஆட்டக்காரர் கண்ணு முன்னால இருப்பாரு.

சாச்சா எனக்குப் பிடிச்சது. நிமிஷத்துக்குச் சுமாரா 120 தட்டு, நாலு நாலா, "ரெண்டு, மூணு, சா-சா-சா". அந்த சா-சா-சா எடம் கூட்டாளி கால்லயும் தோள்லயும் பளிச்சுனு தெரியும். வால்ஸ் மூணு மூணா போறது, மெதுவா இருக்கேன்னு சுலபம்னு நெனைக்காதீங்க, பாதி பாட்டுல டிரம்ஸே இருக்காது, வயலினும் பியானோவும் மட்டும், எனக்கு அது கடைசியாத்தான் வந்துச்சு.

மலாய் ஆட்டமான ஜோகெட் பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா நம்ம ஊருல எந்த விருந்தும் எல்லாரும் சேந்து ஆடுற ஜோகெட் லம்பாக் இல்லாம முடியாது. மலாக்கா போர்த்துகீசியக்காரங்களோட பிராஞ்ஞோ ஆட்டத்துலருந்து வந்தது, வேகமா போகும், ரெண்டு ரெண்டா எண்ணுறதும் மூணு மூணா எண்ணுறதும் கலந்து வரும். வயலின பிடிச்சு ஆடலாம்னு பாத்தா நம்ம காதுக்கு அது வழுக்கிட்டுப் போகும். ரெபானா மேளத்தையும் கோங்கையும் பிடிங்க, கோங் சத்தம் நெஞ்சுல வந்து விழும், ஒவ்வொரு கோங்குக்கும் எடைய ஒரு கால்ல வையுங்க, நடுவுல உள்ளத கை பாத்துக்கும்.

குத்தாட்டத்துக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்ல. உறுமியில ஒரு பக்கத் தோல்ல வளைஞ்ச குச்சிய வச்சு உரசுவாங்க இல்ல, அந்த உறுமல் அடி வயித்துலயே கேக்கும்.

மூணாவது படி: வீட்டுல பழகுறது

இதுலதான் நெறைய நேரம் போடணும், ஹால்ல போயி கத்துக்க முடியாது.

தரையிலருந்து ஆரம்பிங்க. பழைய பலகை வீட்டுல ஒருத்தர் நடந்தாலே அடுத்த ரூம்ல தெரியும், தாமான் (குடியிருப்பு) வீட்டு சிமெண்டு தரையில ஒண்ணும் தெரியாது, சிமெண்டு கனமா விறைப்பா இருக்கிறதால லேசுல அதிராது. ஹார்ட்வேர் கடையில பிளைவுட் பலகை ஒண்ணு வாங்குங்க, நாலுக்கு எட்டு அடி, ரெண்டு பேர் நின்னு பழக அது போதும். பலகைக்கு அடியில மூலைக்கு மூலை பழைய ரப்பர் செருப்பத் துண்டு போட்டு வச்சேன், பலகை நல்லா அதிருது. ஸ்பீக்கர பலகை மேலயே வையுங்க, பேஸ் கொஞ்சம் ஏத்துங்க, செருப்பு சாக்ஸ் இல்லாம நில்லுங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்னயே சொல்லிட்டு சாயங்காலத்துல செய்யுங்க.

நம்ம தோல் 250 ஹெர்ட்ஸ் பக்கம் வர்ற அதிர்வ ரொம்ப நல்லா பிடிக்கும், 1000க்கு மேல போனா தோலுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால பாட்டோட மேல் பாதிய காலால பிடிக்கலாம்னு எதிர்பார்க்காதீங்க, கீழ் பாதிய மட்டும் கேளுங்க. ஸ்காட்லாந்துல ஈவ்லின் கிளெனின்னு ஒரு அம்மா, 12 வயசுக்குள்ள காது கிட்டத்தட்ட முழுசா போயிடுச்சு, ஆனா உலகம் பூரா மேடையில தாள வாத்தியம் வாசிக்கிறாங்க, வெறுங்காலோட. அவங்களப் பத்தித் தெரிஞ்சப்ப என் பலகை மேல எனக்கு நம்பிக்கை வந்துச்சு. பலூன் ஊதி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஸ்பீக்கர் முன்னால நின்னு பாருங்க, தாளம் விரல் நுனிக்கு வரும், பேரப்பிள்ளைங்களுக்கும் ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. போன்ல மெட்ரோனோம் ஆப் இருக்கு, அதுல அதிர்வும் லைட் வெட்டுறதும் வைக்கிற மாதிரி ஒண்ண எறக்கிக்குங்க. 100ல வச்சு போன கையில பிடிச்சுக்கிட்டு வெறுமனே நடங்க, ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு அடி, ஒரு வாரம். அப்புறம் 110, அப்புறம் 120.

எண்ணி நடக்க வந்ததும் இந்தப் பயிற்சி, எனக்கு எல்லாத்தையும் விட இதுதான் உதவுச்சு. பாட்டு ஓடிக்கிட்டு இருக்கிறப்ப வீட்டுக்காரி சத்தத்த முழுசா அணைச்சுடுவா, பாட்டு உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். நான் நிக்காம 16 எண்ணுற வரைக்கும் ஆடணும், அவ மறுபடி சத்தத்தத் திறப்பா, அப்ப என் காலு தாளத்துல விழுதான்னு பாக்கணும். மொதல்ல மூணு தட்டு முன்னாலயே ஓடிட்டேன். ஒரு மாசத்துல சரியா விழ ஆரம்பிச்சுது. ஹால்ல கூட்டம் கத்துறப்ப, காது மிஷின் நின்னு போறப்ப, இதுதான் உங்களக் காப்பாத்தும், ஏன்னா தாளம் உங்களுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும், வெளியிலருந்து வர்றது சரிபார்க்க மட்டும்தான்.

நாலாவது படி: காது மிஷின சரி பண்ணுறது

காது மிஷின் பேச்சுக்காகச் செஞ்சது. சாதாரணப் பேச்சு 60, 65 டெசிபல், டின்னர் பாட்டு 100 வரைக்கும் போகும். மிஷின் என்ன நெனைக்கும்னா இது எரைச்சல், அமுக்கணும்னு. அதுக்கு மேல, விசில் அடிக்காம இருக்க ஒரு வசதி உள்ள இருக்கு, அது நாதஸ்வரம், புல்லாங்குழல் மாதிரி இழுத்து வாசிக்கிற சத்தத்தையும் விசில்னு நெனச்சு நடுங்க வச்சுடும். கோயில்ல நாதஸ்வரம் ஏன் தண்ணிக்குள்ள வாசிக்கிற மாதிரி கேக்குதுன்னு நான் ரொம்ப நாளு கவலைப்பட்டேன், மிஷின் செட்டிங்தான் காரணம்.

மிஷின் போட்டுக் குடுக்கிறவங்ககிட்ட இப்படிக் கேளுங்க: "மியூசிக்குக்குத் தனி புரோகிராம் ஒண்ணு வேணும், அதுல எரைச்சல் குறைக்கிறது, விசில் தடுக்கிறது, முன்னால மட்டும் கேக்குற மைக் மூணையும் அணைச்சுடுங்க இல்ல குறைச்சுடுங்க, தடிச்ச சத்தத்த வெட்டாதீங்க." முடிஞ்சா நீங்க ஆடுற பாட்டு ரெண்ட போன்ல எடுத்துட்டுப் போயி அங்கயே போட்டுக் கேட்டுப் பாருங்க, ஒரே தடவையில சரி வராது, ரெண்டு மூணு தடவ போகணும், போங்க. பழைய மிஷின் ரொம்ப சத்தத்துல கரகரன்னு உடைஞ்சா, மைக் ஓட்டை மேல செலோடேப் சின்னத் துண்டு ஒட்டினா சுமார் 10 டெசிபல் குறையும், உடையாது. வீட்டுக்கு வந்ததும் பிச்சுடணும்.

ப்ளூடூத்ல பாட்ட நேரா மிஷினுக்கு அனுப்பலாமேன்னு என் மகன் சொன்னான். வீட்டுல பாட்டு கேக்க அருமை. ஆடுறதுக்கு ஜாக்கிரதை, ப்ளூடூத்ல சத்தம் தாமதமா வரும், பல மிஷின்ல பத்துல ஒரு செகண்டுக்கும் மேல. 120 தட்டு பாட்டுல ஒரு தட்டுக்கு அரை செகண்டுதான், அதுல அவ்வளவு தாமதம்னா காலு மத்தவங்க கூட சேராது, தரை ஒண்ணு சொல்லும் காது ஒண்ணு சொல்லும்.

உள்காதுல காக்ளியர் இம்பிளாண்ட் வச்சவங்களுக்கு ராகம் குழம்பும், தாளம் நல்லா வரும், அதனால டிரம்ஸ் தெளிவா இருக்கிற பாட்டா எடுங்க.

நம்ம வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் வேர்வைதான் பெரிய எதிரி. நெத்தியில துணிப் பட்டை கட்டுங்க, ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவ கழட்டி டிஷ்யூவால தொடைங்க, மிஷின சின்னக் கயித்தால சட்டைக் காலர்ல மாட்டுங்க, சுத்துறப்ப பறந்து போனா கூட்டத்துக் காலுல மிதிபட்டுடும். ராத்திரி பேட்டரியக் கழட்டி வச்சுட்டு மிஷின மட்டும் சிலிக்கா ஜெல் டப்பாவுல போடுங்க, ஹேர் டிரையர் வேணாம். ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, பிரவுன் ஸ்டிக்கர் 312, ரெண்டுமே காத்து பட்டாத்தான் வேலை செய்யும், ஸ்டிக்கரப் பிச்சு ஒரு நிமிஷம் வெளிய வச்சுட்டு அப்புறம் போடுங்க. எக்ஸ்ட்ரா பேட்டரி எப்பவும் பர்ஸ்ல.

அஞ்சாவது படி: ஹாலுக்குப் போன அன்னைக்கு

கூட்டம் வர்றதுக்கு அர மணி நேரம் முன்ன போங்க. டிஜே தம்பிகிட்ட நேரா சொல்லுங்க, "தம்பி, எனக்குக் காது மந்தம், ஆட வந்திருக்கேன், பேஸ் கொஞ்சம் நல்லா வையுங்க, ஆடுற எடத்துல லைட்ட முழுசா அணைச்சுடாதீங்க." இது வரைக்கும் நான் கேட்ட ஒருத்தரும் மூஞ்சியச் சுளிக்கல. கல்யாண வீட்டுல நெருக்கம்னா ஒரு வாரம் முன்னயே பாட்டு லிஸ்ட வாட்ஸ்அப்ல கேட்டு வாங்கி வீட்டுல ஆடிப் பாத்துட்டுப் போங்க, பாட்டு எங்க நிக்கும், எங்க வேகம் மாறும்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

காது கேக்கலன்னு ஸ்பீக்கர் பக்கத்துல போயி நிக்கிற பழக்கம் நம்மள்ல நெறைய பேருக்கு இருக்கு, நானும் செஞ்சேன், செய்யாதீங்க. 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்குற காது, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறினாலும் பாதி நேரம்தான் தாங்கும், 100ல 15 நிமிஷம். மிச்சம் இருக்கிற காதாவது நிக்கணும். போன்ல சத்தம் அளக்குற ஆப் போட்டுப் பாருங்க. தாளம் வேணும்னா மேடையோட மரத் தரையில காலு வையுங்க, இல்ல சப்வூஃபர் இருக்கிற சுவத்துல முதுக ஒரு நிமிஷம் சாய்ச்சு, தாளத்த எடுத்துக்கிட்டு எறங்குங்க.

பாட்டு மாறினதும் உடனே குதிக்காதீங்க. நம்பிக்கையான ஒரு ஆட்டக்காரரோட காலப் பாருங்க, எட்டு எண்ணுங்க, அடுத்த எட்டுல உள்ள போங்க. உறுமி மேளம் நேர்ல வாசிச்சா அடிக்கிறவர் கையத்தான் பாக்கணும், கை ஏறுறதப் பாத்தாலே தட்டு எப்ப விழும்னு தெரிஞ்சுடும்.

ஆறாவது படி: கூட ஆடுறவங்ககிட்ட பேசி வச்சுக்குங்க

வெளிய சொல்லாம ஆடினா கூட்டாளி உங்கள திமிர் பிடிச்சவருன்னு நெனைப்பாங்க, கூப்பிட்டும் திரும்பலியேன்னு. ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னயே ஒரு வாக்கியம் போதும்: "எனக்குக் காது கேக்காது, முகத்தப் பாத்து பேசுங்க, முதல் தட்ட தோள்ல தட்டுங்க."

நானும் வீட்டுக்காரியும் வச்சிருக்கிற சாடை மூணே மூணு. தோள்பட்டை எலும்பு மேல ஒரு தட்டு, அது தாளத்தோட முதல் தட்டு. கைய லேசா அமுக்கினா மெதுவா போங்க. உள்ளங்கையக் காட்டினா பாட்டு நின்னுடுச்சு. வேற ஒண்ணும் தேவைப்படல. மொழி தெரிஞ்சவங்க பிஐஎம், அதான் மலேசிய சைகை மொழியிலயே பேசிக்கலாம், 2008 சட்டத்துலயே காது கேளாதவங்க மொழின்னு அதுக்கு எடம் இருக்கு.

காதுக்குக் கிட்ட வந்து கத்த வேணாம்னு சொல்லிடுங்க, கத்துனா உதடு கோணி என்ன சொல்றாங்கன்னு படிக்கவும் முடியாது, மிஷினும் கிறீச்சுன்னும். பேசணும்னா வெளிய வராந்தாவுக்கு வாங்க.

தலை சுத்துறது, களைப்பு

கேக்குற உறுப்பும் உடம்ப நிமித்தி வைக்கிற உறுப்பும் உள்காதுல பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு, அதனால சில பேருக்குக் காதோட சேந்து நிதானமும் குறையும், அப்ப கண்ணுதான் ஈடு குடுக்கும், லைட்ட அணைக்க வேணாம்னு கேக்க இதுவும் ஒரு காரணம். சுத்துறப்ப சுவத்துல ஒரு புள்ளிய பாத்து வச்சு, தலைய கடைசியா திருப்பி மறுபடி அதையே பாருங்க. ஒரு சுத்துலயே தரை சாயுற மாதிரி இருந்தா சுத்தாத ஆட்டமா ஆடுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

கேக்குறதுக்காக மூளை ராத்திரி பூரா வேலை செய்யுறதால உடம்பு களைக்கிறதுக்கு முன்ன மனசு களைச்சுடும். மூணு பாட்டுக்கு ஒரு தடவ மிஷின அணைச்சுட்டு வெளிய போயி அஞ்சு நிமிஷம் தேத்தண்ணி குடிங்க.

அப்பாவோ அம்மாவோ மேசையில உக்காந்திருந்தா

பிள்ளைங்களுக்குத்தான் இது. கையப் பிடிச்சு இழுக்காதீங்க, என்ன பாட்டு, எங்க தாளம்னு தெரியாம நடுவுல நிக்கிறது ரொம்பக் கஷ்டம். முன்னால உக்காந்து பாட்டுப் பேர போன்ல டைப் பண்ணிக் காட்டுங்க. அவங்க உள்ளங்கையத் திறந்து வச்சு உங்க விரலால தாளத்தத் தட்டுங்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலு, நாலு தடவ. மேசைக்கு அடியில அவங்க காலு அசையுதான்னு பாருங்க, அசைஞ்சா அப்புறம் எந்திரிங்க, தட்டுறத நிறுத்தாமலேயே நடந்து போங்க.